பாதிக் கட்டம்

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்பது வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரிடம் வாயைக் கொடுத்து வேலையை விட்டு வந்து, திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டிருந்தேன். வருகிறவர்கள் ரேடியோவை மேஜையில் வைத்துவிட்டு அதிகம் பேசாமல் போய்விடுவார்கள். ராமர் என்று பெயர் வைத்ததற்குப் பதிலாக துர்வாசர் என்று வைத்திருக்கலாம் என்று என் மனைவி ஜக்கம்மாள் சொல்லுவாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அறுபத்து மூன்று கடைசியில் பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பின் முதலாளி அப்துல் கையூம் ராவுத்தர் ஆள் அனுப்பினார். ரேடியோதான் கெட்டுப்போயிருக்கும் என்று பையை எடுத்துக்கொண்டு போனேன். ரேடியோ நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. கெட்டுப்போயிருந்தது அளவு.

பதனிட்ட ஆட்டுத்தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். ஆட்டுக்கு நாலு மூலை சதுரமாகவா இருக்கிறது? கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், கால் தோல் நாலு திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். இதை அளப்பதற்கு அங்கே பீர் முகமது என்று ஒருவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி. கட்டில் மாதிரி ஒரு மரச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, மூன்று அங்குலத்துக்கு ஒரு கட்டம் வைத்திருந்தார். அதைத் தோலின் மேல் கவிழ்த்துக் கட்டங்களை எண்ணுவார். பதினாறு கட்டம் ஒரு சதுர அடி. முழுக் கட்டத்தில் தகராறு இல்லை. விளிம்பில் தோல் பாதிக் கட்டத்துக்கு மேல் இருந்தால் ஒன்று என்று சேர்ப்பார், குறைந்தால் விட்டுவிடுவார். எண்ணி முடித்ததும் தோலின் பின்புறம் சுண்ணாம்புக் கட்டியால் எண்ணை எழுதிப் போடுவார். முப்பது வருஷமாக இதுதான் அவர் வேலை.

அந்த வருஷம் சென்னையிலிருந்து வாங்குகிறவர்களுடைய ஏஜென்ட் நூர் அகமது, நூறு தோலுக்குப் பன்னிரண்டு பதிமூன்று அடி குறைகிறது என்று எழுதிவிட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று சரக்குக்கும் அதே குறை. கையூம் ராவுத்தருக்கு அவமானமாகப் போய்விட்டது. பீர் முகமதுவுக்கு அளந்த அடிக்கு இவ்வளவு என்று கூலி. அடி கூடினால் கூலியும் கூடும். அதனால் எல்லாருடைய கண்ணும் அவர் மேல் திரும்பியது. முதலாளி அவரைக் கூப்பிட்டு, வேதத்தின் மேல் கை வைத்து, அளந்ததெல்லாம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, அதோடு விட்டுவிடுகிறேன் என்றாராம்.

பீர் முகமது மாட்டேன் என்றார்.

"முழுக் கட்டத்துக்குச் சத்தியம் பண்ணுவேன் முதலாளி. ஓரத்துல பாதி இருக்கா இல்லையான்னு என் கண்ணு சொல்றதுதான். அம்புட்டும் சரின்னு அல்லா மேல நான் எப்படி ஆணையிட?"

இதைச் சொன்னதோடு அவர் பேர் கெட்டது. குற்றம் உள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது. நானும்தான் பேசினேன், மறைப்பானேன்? சத்தியத்துக்குப் பயப்படுகிற மனுஷன் எதற்கு அளக்கிற வேலைக்கு வரவேண்டும் என்று கடையில் உட்கார்ந்துகொண்டு நாலு பேரிடம் சொன்னேன்.

ஆபத்து ஷாப் வேலைக்கு மட்டும் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள், வசதி உள்ள வீட்டார் எல்லாரும் வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பேருக்கும் கணக்குப் பண்ணி ஏழைகளுக்கு அரிசி கொடுக்கவேண்டும். பித்ரா என்பார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் படியைக் கையில் பிடித்து அந்த அரிசியை அளந்து வாங்கியது பதிமூன்று வருஷமாக பீர் முகமதுதான். அளவில் கை வைக்கிறவனுக்குக் கேடு என்று அவர்கள் வேதத்திலேயே இருக்கிறது. சந்தேகம் விழுந்தவன் கையில் அந்தப் படியைக் கொடுக்க முடியாது. கையூம் ராவுத்தர்தான் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற முத்தவல்லியும். ரம்ஜானுக்குள் ஒரு மிஷின் செய்து கொடு, அது சொல்லட்டும் இவர் யோக்கியரா இல்லையா என்றார் என்னிடம். பீர் முகமது பக்கத்தில் தோலை மடித்துக்கொண்டு நின்றார். அவரும் ஒப்புக்கொண்டார். மிஷின் வந்தால் தன் பேர் திரும்பிவிடும் என்று அவர் நம்பினார் என்று பிறகுதான் தெரிந்தது.

எனக்குக் கசக்குமா? எக்ஸ்சேஞ்சில் இருந்தபோதே இந்த மாதிரி ஒன்றைச் செய்து பார்க்கவேண்டும் என்று கை ஊறிக்கொண்டிருந்தது. வளைவும் நெளிவுமாக, ஒரு இடத்தில் நில்லாமல் ஓடுகிற ஒரு விஷயத்தை, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணாக மாற்றி நிறுத்துவது. அதற்கான சர்க்யூட்டைச் சிகரெட் அட்டையில் வரைந்தேன், பஞ்சாங்கத்தின் பின்னால் வரைந்தேன், ஜக்கம்மாள் கோலத்துக்கு மெழுகி வைத்த வாசலில் சாக்பீஸால் வரைந்து வசவும் வாங்கினேன்.

அப்போது ரேடியோவில் போடுகிற ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இருந்தது. சின்னக் கண்ணாடிக் குழாய், மேலே கறுப்புப் பெயின்ட். பெயின்ட் உதிர்ந்துவிட்டால் வெளிச்சம் படும்போதெல்லாம் ரேடியோ உறுமும். ரிப்பேருக்கு வந்தால் திட்டிக்கொண்டே மாற்றிப் போடுவேன். இப்போது நானே பிளேடால் இருபத்து நாலு டிரான்சிஸ்டரின் பெயின்ட்டைச் சுரண்டினேன். ஒரு நீளப் பலகையில் அங்குலத்துக்கு ஒன்றாக இருபத்து நாலு சதுர ஜன்னல் அறுத்து, ஒவ்வொன்றிலும் டிரேசிங் பேப்பர் ஒட்டி, அடியில் ஒரு டிரான்சிஸ்டரை வைத்தேன். மேலே விளக்கு வரிசை. நடுவில் தோல் உருளையில் மாட்டி நகர்ந்து வரும். தோல் ஒரு அங்குலம் நகர்ந்ததும், டெலிபோனில் நம்பர் தேடுகிற சுழல் சுவிட்ச் ஒன்று இருபத்து நாலு ஜன்னலையும் தொட்டுத் தொட்டு ஒரே கேள்வி கேட்கும்: இருட்டா, வெளிச்சமா? இருட்டு என்றால் மீட்டரில் ஒரு எண் ஏறும். தோல் முழுக்கக் கடந்த பிறகு மீட்டரில் நிற்கிற எண்ணை நூற்று நாற்பத்து நாலால் வகுத்தால் சதுர அடி. கழுத்தும் காலும் எப்படி நீட்டிக்கொண்டிருந்தாலும் சரி.

எவ்வளவு மூடினால் இருட்டு என்று சொல்வது? அதைத் தீர்மானிக்க ஒரே ஒரு திருகாணி வைத்திருந்தேன். முதலில் அது தொல்லை கொடுத்தது. கதவுப் பக்கம் யாராவது நடந்தால் நிழல் பட்டு மீட்டர் ஏறும். தோல் பதனிடப் போடுகிற ஆவாரம்பட்டையின் தூசி ஜன்னலில் படிந்தால் ஏறும். மில் வேலை தொடங்குகிற நேரத்தில் கரண்டு தாழ்ந்து விளக்கு மங்கினால் ஏறும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருகாணியை நன்றாக முடுக்கிவிட்டேன். ஜன்னல் ஏறக்குறைய முழுக்க மூடினால்தான் இருட்டு என்று சொல்லும்படி ஆகிவிட்டது. மீட்டர் கப்சிப்.

பிறகு சரிபார்த்தேன். ஒரு அடிக்கு இரண்டு அடி அட்டை வெட்டினேன். இருநூற்று எண்பத்தெட்டு வரவேண்டும். முதல் தடவை இருநூற்று எழுபத்தாறு. அடுத்த தடவை எண்பத்தெட்டு. மறுபடி எழுபத்தாறு. அட்டையை நான் கோணலாக வைக்கிறேன் என்று என் கையைத் திட்டிக்கொண்டு, குறுக்கே ஒரு குச்சியை ஆணி அடித்து, அட்டை எப்போதும் ஜன்னல் விளிம்பில் முட்டிக்கொண்டே கிளம்பும்படி செய்தேன். அதற்கப்புறம் பத்துத் தடவையும் எண்பத்தெட்டு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்குப் போகிற வழியில் ஜக்கம்மாளுக்கு ரெண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போனேன். என்ன தப்புப் பண்ணினீங்க என்று கேட்டாள்.

நோன்பு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் பரீட்சை வைத்தார்கள். நூர் அகமது ரயிலில் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு; கெட்டவர் என்று சொல்ல முடியாது. நூறு தோல். முதலில் பீர் முகமது சட்டத்தைக் கவிழ்த்து அளந்தார். நோன்பில் நாக்கு வறண்டு குரல் கம்மியிருந்தாலும் ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னார். கணக்கப்பிள்ளை அப்துல் லத்தீப் எழுதிக்கொண்டார். ஐநூற்றுப் பன்னிரண்டு அடி. அடுத்து அதே நூறு தோலையும் என் மிஷினில் விட்டோம். நானூற்றுத் தொண்ணூற்று நாலு.

பதினெட்டு அடி வித்தியாசம். நூர் அகமது சொன்ன குறையைவிட அதிகம்.

நூர் அகமதுதான் ஆறுதலாக ஏதோ சொன்னார்: நாங்களும் ஒரு தோலுக்குக் கால் அடிக்குக் குறைவாக நிற்பதை விட்டுவிடுவது உண்டு, அது மண்டி வழக்கம், ஆனால் இங்கே மிஷினே வந்துவிட்டது, இனிமேல் பேச்சுக்கு இடமில்லை என்று. அந்த வார்த்தையில் என்ன இருந்தது என்று அன்றைக்கு நான் காது கொடுக்கவில்லை. எல்லாரும் என் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீர் முகமது பலகைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார்.

"அப்பு, ஓரத்துல பாதி மூடுனா உன் மிஷினு என்ன சொல்லும்?"

"மிஷினுக்குப் பாதி கிடையாது பாய். இருக்கு, இல்ல, ரெண்டே பதில்தான். உங்கள மாதிரி தடுமாறாது."

"அது சரி. எந்தப் பாதிய இருக்குங்கும், எந்தப் பாதிய இல்லங்கும்? அதத்தான் கேட்டேன்."

ஒயரைச் சுருட்டுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். கையூம் ராவுத்தர் அவரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொன்னார். படியை இந்த வருஷம் லத்தீப் பிடிப்பார் என்றும் அங்கேயே சொல்லிவிட்டார். பீர் முகமது சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

கேள்வி என்னவோ என் கூடவே வந்தது. சோறு சாப்பிடும்போது வந்தது. யாரோ ஒருவருடைய ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வந்தது. எந்தப் பாதியை இருக்கிறது என்று சொல்லும்? நான் வெட்டிய அட்டைக்கு நேர் விளிம்பு. குச்சி வைத்து ஜன்னலோடு ஒட்டி விட்டதால் பாதி மூடின ஜன்னல் என்று ஒன்று அதில் வரவே இல்லை. தோலில் சுற்றிலும் விளிம்புதானே. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் மூக்கே தெரியவில்லை.

இருபத்தொன்பதாம் நோன்பு அன்று காலையில் வீட்டிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஜக்கம்மாள் வாசல்வரை வந்து சத்தம் போட்டாள். பெருநாளுக்காக ஷாப்பில் வேலை நிறுத்தியிருந்தார்கள். காவல்காரர் மட்டும் இருந்தார். தாம்பாளம் குறுக்கே பதினெட்டு அங்குலம். வட்டத்துக்குப் பரப்பு நம் கையில் இருக்கிறது: இருநூற்று ஐம்பத்து நாலரை. மிஷினில் விட்டேன். இருநூற்று முப்பத்தெட்டு. மறுபடி விட்டேன். நாற்பத்தொன்று. மறுபடி, முப்பத்தேழு.

பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

முக்கால் ஜன்னல் மூடினாலும் என் மிஷின் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நிழலுக்கும் தூசிக்கும் பயந்து திருகாணியை நான் முடுக்கியதுதான் காரணம். விளிம்பு நெடுகிலும் தோலைச் சுரண்டித் தின்றிருக்கிறது. எழுபத்தாறு, எண்பத்தெட்டு என்று முதல் நாளே மாறி மாறிக் காட்டி அது என்னிடம் முறையிட்டிருக்கிறது. நான் குச்சியை வைத்து அதன் வாயை அடைத்திருக்கிறேன். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காவல்காரர் எதிரில் உட்கார்ந்து அழுதேன். அவர் எனக்கு வயிற்று வலி என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு எழுந்து ஒரு ஜன்னலை அட்டையால் சரிபாதி மூடி, இருக்கு, இல்லை என்று மீட்டர் தத்தளிக்கிற இடத்தில் திருகாணியை நிறுத்தினேன். தாம்பாளம் ஐம்பத்து நாலு காட்டியது, ஐம்பத்தைந்து, ஐம்பத்து மூன்று. பரீட்சை வைத்த தோல்கள் மூலையில் அடுக்கியபடியே இருந்தன. நாற்பது தோலை எடுத்து விட்டுப் பார்த்தேன். பின்புறத்தில் பீர் முகமதுவின் சுண்ணாம்பு எண். ஒரு தோலில் ஒரு கட்டம் கூடும், அடுத்ததில் ஒரு கட்டம் குறையும். நாற்பதையும் கூட்டினால் மிஷினும் அவரும் ஒன்று.

சென்னைக் கணக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு தோலிலும் கால் அடிக்குக் குறைந்ததை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். சராசரி அரைக்கால் அடி. நூறு தோலுக்குப் பன்னிரண்டரை. நூர் அகமது எழுதிய குறை அதேதான். அங்கே மிச்சத்தை விடுவது வழக்கம், இங்கே பாதியைப் பார்த்துச் சேர்ப்பது வழக்கம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நேரே கையூம் ராவுத்தர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பெருநாள் முடியட்டும், சாவகாசமாகப் பேசலாம் என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் கோபம் எனக்கு வேலையைக் கெடுத்திருக்கிறது, சொந்தபந்தத்தைக் கெடுத்திருக்கிறது. அந்த ஒரு நாள்தான் உபயோகப்பட்டது. நீங்கள் வராவிட்டால் நானே பள்ளிவாசல் வாசலில் நின்று சொல்லுவேன் என்றேன். அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு என் கூட நடந்தார்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்திருந்தது. முற்றத்தில் பாய் விரித்து, லத்தீப் படியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது நாற்பது பேர் பித்ரா அரிசி கொடுக்கப் பையும் பானையுமாக வரிசையில் நின்றார்கள். பாதி வரிசையில் பீர் முகமதுவும் ஒரு துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டிருந்தார்கள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுற்றி வளைக்காமல் சொன்னேன். மிஷின் தப்பு. தப்பு மிஷினுடையது இல்லை, என்னுடையது. பாய் அளந்தது கட்டத்துக்குக் கட்டம் சரி. கையூம் ராவுத்தர், ராமர் சொல்வது உண்மை, நாம்தான் தப்புப் பண்ணிவிட்டோம் என்றார். கூட்டம் சலசலத்தது. இரண்டு பெரியவர்கள் வந்து பீர் முகமதுவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். லத்தீப் எழுந்து ஓடி வந்து, வாங்க மாமு, நீங்க உக்காருங்க என்று படியை நீட்டினார். நான் மூச்சு விட்டேன். கெட்டதைச் சரி பண்ணிவிட்டேன் என்று நினைத்தேன்.

பீர் முகமது படியை வாங்கவில்லை. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

"மிஷினு என்னையக் கள்ளன்னுச்சு, நம்புனீங்க. இப்ப அதே மிஷினு நல்லவன்னுது, நம்புறீங்க. முப்பது வருசமா உங்க முன்னாடிதான இருந்தேன். என்னையப் பாத்து ஒருத்தருக்கும் தெரியலையா?"

அவர் வரிசையில் தன் முறை வரும்வரை நின்று, என் வீட்டு எட்டுத் தலைக்கு அளந்துகொள் என்று லத்தீபிடம் அரிசிப் பையைக் கொடுத்தார். லத்தீப் குனிந்து அளந்துகொண்டார். காலிப் பையை உதறி மடித்துக்கொண்டு பீர் முகமது வெளியே போனார்.

பெருநாள் கழித்து முதலாளி மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். பீர் முகமதுவின் மனைவி அஜீஸுன்னிசா அக்கா தேநீர் கொடுத்தார்கள். பாய் நன்றாகத்தான் பேசினார். என் கடையைப் பற்றி விசாரித்தார். ஷாப்புக்கு வருகிற பேச்சை மட்டும் எடுக்கவிடவில்லை. என் மிஷின் ஏழு வருஷம் ஓடியது, சரியாகத்தான் அளந்தது. அதைப் பார்க்க மதுரையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பீர் முகமது அதற்குப் பிறகு எதையும் அளக்கவில்லை.